வேலூர் வெயிலும் அன்றாட ஒழுக்கமும்: ஆயுர்வேதக் கேள்வி பதில்

காட்பாடி வாசகி: எண்ணெய்க் குளியலை எப்படிச் செய்ய வேண்டும், ஐயா?

பதில்: அட்டாங்க இருதயம் என்னும் பழைய ஆயுர்வேத நூலில் அதன் ஆசிரியர் வாக்படர் நாள்தோறும் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது இயலாது என்பதால், வாரம் ஒரு முறை முழுமையாகத் தேய்த்து, மற்ற நாள்களில் அவர் தனியாக வலியுறுத்தும் தலை, காது, பாதம் ஆகிய மூன்று இடங்களை மட்டுமாவது கவனியுங்கள். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி உச்சியில் வைத்து, காது மடலின் பின்புறத்திலும் குதிகால் வெடிப்பிலும் ஊறும்வரை பொறுத்திருந்து, பயத்தமாவு தேய்த்துக் குளியுங்கள். கழுத்துக்குக் கீழே வெந்நீர் பலம் தரும். தலையில் ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கெடுதல். சளி, காய்ச்சல், செரியாமை உள்ள நாளில் எண்ணெயைத் தொடாதீர்கள்.

சத்துவாச்சாரி வாசகர்: சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உணவு ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. அந்த முடிவை உங்கள் மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து எடுக்க வேண்டும்.

குடியாத்தம் வாசகர்: கத்திரி வெயிலில் இரவு தயிர்ச்சோறுதான் வயிற்றுக்குக் குளிர்ச்சி. தாங்கள் அதை வேண்டாம் என்பது ஏன்?

பதில்: தொட்டால் குளிர்ந்திருக்கும் தயிர், செரித்தபின் உடலில் சூட்டையே வளர்க்கும் என்பது ஆயுர்வேதத்தின் கணிப்பு. இரவில் உண்ணாதே, சூடாக்கி உண்ணாதே, தினமும் உண்ணாதே, இளவேனிலிலும் கோடையிலும் கார்காலத்தை அடுத்த கூதிர்காலத்திலும் தவிர், சரியாக உறையாத தயிரை ஒதுக்கு என்று வாக்படர் அடுக்கிச் சொல்கிறார். உண்டே தீர வேண்டுமென்றால் நெய், கற்கண்டு, பாசிப்பயற்று நீர், தேன், நெல்லிக்காய் போன்றவற்றின் துணையோடு பகலில் உண்ணுங்கள். கடைந்து வெண்ணெய் எடுத்த மோர் வேறு பொருள். அது எளிதில் செரித்துப் பசியைத் தூண்டும்.

ஆரணி வாசகர்: மன்னிக்க வேண்டும். வெப்பக் காலத்தில் மோரும் ஆகாது என்று மற்றொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் சொல்லியிருக்கிறாரே. தயிரை விலக்கிவிட்டு மோரைப் பரிந்துரைப்பது முரணாகத் தோன்றுகிறது.

பதில்: சரியான இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். சுசுருதர் அங்கே பேசுவது தயிரில் பாதியளவு நீர் சேர்த்துக் கடைந்த மோரைப் பற்றி. புளித்ததாக இருந்தால் அது கோடையில் பித்தத்தைக் கிளறும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நம் ஊர் நீர்மோர் அன்று கடைந்த புளிக்காத மோரில் மூன்று, நான்கு பங்கு நீர் விட்டு, கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் கிள்ளிப் போட்டது. கோடையில் புளிப்பு, உப்பு, காரத்தைக் குறைத்து நீர்த்தன்மையான இனிய உணவைக் கொள் என்னும் விதிக்கு அது அருகில் நிற்கிறது. ஆகவே என் பரிந்துரை நீர்மோருக்கு மட்டுமே; உப்பை அரைச் சிட்டிகையோடு நிறுத்துங்கள், பச்சை மிளகாயைத் தவிருங்கள். மேசையில் மூன்று மணி நேரம் இருந்து புளித்த மோருக்குச் சுசுருதர் தீர்ப்பே என் தீர்ப்பு.

குடியாத்தம் வாசகர்: ஐம்பது ஆண்டுகளாக இரவில் தயிர் உண்ட என் தந்தையாருக்கு ஒன்றும் நேரவில்லையே?

பதில்: வலிமையான செரிமானமும் நாள் முழுவதும் உழைப்பும் உடையவர் தாங்குவார். உட்கார்ந்தே வேலை செய்யும் மகன் அதே அளவு உண்பதுதான் என் கவலை.

ராணிப்பேட்டை வாசகி: உடல் இளைக்கக் காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கலாமா?

பதில்: சூடான எதனோடும் தேனைச் சேர்ப்பதை நூல்கள் தடுக்கின்றன. ஆறிய நீரில் கலந்து குடியுங்கள்.

ஆம்பூர் வாசகர்: தேனும் எலுமிச்சையும் வெந்நீரில்...

பதில்: மேலே விடையளித்துவிட்டேன், அன்புகூர்ந்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

வேலூர் வாசகர்: கோட்டை அகழியைச் சுற்றிக் காலையில் வேகமாக நடக்கிறேன். மே மாதத்திலும் தொடரலாமா?

பதில்: குளிர்காலத்திலேயே பாதி பலத்துக்கு மேல் உழைக்க வேண்டாம் என்பது விதி; நெற்றியில் வியர்வை அரும்பி வாய் உலர்ந்தால் பாதி பலம் தீர்ந்தது என்று கொள்ளுங்கள். மே மாதத்தில் வெயில் ஏறுமுன் மெல்ல நடந்து திரும்பிவிடுங்கள். பகல் தூக்கம் கோடையில் மட்டும் பொதுவாக அனுமதிக்கப்பட்டது. நண்பகலில் சிறிது கண் அயரலாம்.

வாலாஜாப்பேட்டை வாசகர்: சர்க்கரையை வேரோடு தீர்ப்பதாகச் சொல்லி ஒருவர் பொட்டலப் பொடி தந்திருக்கிறார். மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதை மறுபடியும் சொல்கிறேன். தயாரித்தவர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொடிகளில் ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதை உண்ணாமல், பொட்டலத்தோடு உங்கள் மருத்துவரிடம் சென்று காட்டுங்கள்.