மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டவர்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு வயது 36. சென்னையில் வேலை. ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி ஜிம்மில் சேர்ந்தேன். நான்கு நாள் போனேன். சுற்றிலும் கண்ணாடி. எந்த மெஷினில் எப்படி உட்காருவது என்று தெரியாமல் ட்ரெட்மில்லிலேயே நடந்துவிட்டு வந்தேன். டிரெய்னர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ குறைக்கணும் மேடம்?" ஐந்தாம் நாள் வாசல்வரை போய் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது. வீட்டிலேயே பத்துக் கிலோ குறைத்துவிட்டு அப்புறம் போகலாமா? தன்னம்பிக்கையை எப்படி வளர்த்துக்கொள்வது? என்ன உடை போடுவது? புரோட்டீன் பவுடர் அவசியமா? ஆறாவது படிக்கும் மகள், "இன்னைக்கும் போகலையாம்மா?" என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உடை: தொளதொளவென்று ஒரு பருத்தி டி-சர்ட், டிராக் பேன்ட். போதும். பவுடரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம், முட்டையும் சுண்டலும் சாப்பிடுங்கள்.

பத்துக் கிலோ குறைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம்தான் வந்தது. யாரிடம் காட்டி அனுமதி வாங்க அந்தப் பத்துக் கிலோ? பணம் கட்டிய இடத்துக்குள் நுழைய உங்களுக்கு நீங்களே ஏன் ஒரு நுழைவுத் தேர்வு வைத்துக்கொள்கிறீர்கள்?

எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் செய்து 2000இல் வெளியிட்டது. போடக் கூச்சப்படும்படியான ஒரு டி-சர்ட்டை மாட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு மாணவரை மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கால்வாசிப் பேர்தான். யாருமே பார்க்க மாட்டார்கள் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கால்வாசிப் பேர் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் வேலைக்குத் திரும்புவார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது வேறு வரி: "எப்படி உட்காருவது என்று தெரியாமல்." எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒரு பள்ளி மைதானம் தெரியும். கொஞ்ச நாளாக அங்கே பி.டி. பீரியடைக் கவனித்து வருகிறேன். நன்றாக ஆடுகிற பிள்ளைகள் மைதானத்தில். குண்டான பிள்ளை, மூச்சு வாங்குகிற பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை சுவரோரம். நாற்பது வருடத்தில் எதுவும் மாறவில்லை.

நான் படித்த பெண்கள் பள்ளியில் பாவாடை தாவணிதான் சீருடை. தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு ரிங் டென்னிஸ் ஆடுவார்கள். இரண்டு தலைவிகள் மாறி மாறி ஆள் எடுப்பார்கள். கடைசியில் நான் நிற்பேன். "நீ வேணா உட்காரு" என்று டீச்சர் சொல்வார். ஆடுகிறவர்களின் வாட்ச், கண்ணாடி வளையல், கொலுசு எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்காருவது என் வேலை. ஒரு வளையல்கூட உடையாமல் திருப்பிக் கொடுப்பேன். அதற்குப் பாராட்டும் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டபோது எனக்கு அப்படியொரு நிம்மதி.

இதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை. கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குச் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள். ஓட்டத்தில் பின்தங்கிய பிள்ளையை உட்கார வைக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமோ, அந்தப் பிள்ளைக்குத்தான் அந்தப் பாடம் கிடையாது. 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே பல பள்ளிகளில் வாரத்துக்கு ஒன்றிரண்டு பீரியட் ஒதுக்கி, அதையும் பரீட்சை வந்தால் பிடுங்கிக்கொள்கிறார்கள். பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சரி, கடன் வாங்காமல் விட்டால் மட்டும் என்ன? அந்த நாற்பது நிமிடத்தில் சுவரோரம் இருக்கிறவளை யார் எழுப்பப் போகிறார்கள்?

ஆகவே உங்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். சொல்லித்தராத பாடத்தில் தடுமாறுவதைக் குணக்கேடு என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்க்கிறீர்கள் அல்லவா? அது இருபது கிலோ. அதைச் செய்கிறவர் அஞ்சு கிலோ டம்பெல் பக்கம் போகப் பயப்படுகிறீர்கள்.

டிரெய்னரிடம் போய், "எனக்கு ஒண்ணும் தெரியாது, முதல்லேர்ந்து சொல்லிக்குடுங்க" என்று கேளுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், லேசான எடை. முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்துக்குத் தசை பெருப்பது முக்கியக் காரணமில்லை. இருக்கிற தசையை வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொள்வதுதான் காரணம். உடம்பு பாடம் படிக்கிற காலம் அது. அந்த நேரத்தில் எடை மெஷினில் ஏறி நின்று அழாதீர்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடம் வேக நடை மாதிரியான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது கணக்கு. அதில் பாதி செய்தாலும் சும்மா இருப்பதைவிட மேல். மறுபடியும் எத்தனை கிலோ என்றே அவர் ஆரம்பித்தால் வேறு டிரெய்னரைக் கேளுங்கள். பணம் உங்களுடையது.

மகளுக்கு என்ன பதில் என்கிறீர்கள். அவளிடம் ஒன்று கேளுங்கள்: பி.டி. பீரியடில் நீ என்ன செய்கிறாய்? அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் கணக்கு மிஸ் முன்னால் நிற்கிற வரிசையை விட்டுவிட்டு முதலில் பி.டி. மிஸ்ஸைத் தேடிப் போங்கள். அவளை ஆட விடுகிறார்களா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா