லாஸ் வேகாஸ் ஸ்ட்ரிப் சாலையில் பெயர்ப்பலகைகள் கட்டடங்களைவிட உயரமாக அமைந்தது ஏன்?

இதற்கு முதற்காரணம் கார். 1940களிலும் 1950களிலும், பின்னர் ஸ்ட்ரிப் எனப் பெயர்பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்த சூதாட்ட விடுதிகள், முன்புறத்தில் பரந்த வாகன நிறுத்துமிடத்தை விட்டு, தாழ்வாகவும் சாலையிலிருந்து தள்ளியும் கட்டப்பட்டதால், விரைந்து வரும் ஓட்டுநரின் கண்ணைத் தொலைவிலேயே ஈர்க்கும் பொறுப்பு சாலையோரப் பலகையின்மேல் விழுந்தது. 1958இல் திறக்கப்பட்ட ஸ்டார்டஸ்ட் விடுதியில் முகப்பே விளக்குப் பலகையாயிற்று. என் பார்வையில் அங்கே கட்டடக்கலை என்பதே அந்த ஒளிதான். இப்பலகைகளின் கண்ணாடிக் குழாய்களில் அடைத்த நியான் வாயு தருவது செம்மஞ்சள் ஒளி மட்டுமே (நீலத்துக்கு ஆர்கானும் பாதரச ஆவியும் வேண்டும்). கண்ணாடிக் குழாயைத் தீயில் இளக்கிக் கையால் வளைத்த கைவினைஞர்களின் உழைப்பை நாம் போதிய அளவு போற்றவில்லை. பெட்டி வில்லிஸ் வடிவமைத்து 1959இல் நிறுவப்பட்ட வரவேற்புப் பலகை இன்றும் நிற்கிறது. கழற்றப்பட்ட பழைய பலகைகள் பலவற்றை அந்நகரின் நியான் அருங்காட்சியகத்தில் காணலாம்.