காசு கொடுத்தவருக்கே வெற்றியா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இருவர் எதிரெதிரே நின்று கார்டுகளை இறக்கி மோதும் கைப்பேசி விளையாட்டு ஒன்றை, ஒரு காசும் செலவிடாமல் இரண்டு ஆண்டுகளாக ஆடி வருகிறேன். ஒரு ரேங்க்கைத் தாண்டியதும் எதிரில் வருபவர்களின் கார்டுகள் எல்லாம் என்னுடையவற்றைவிட இரண்டு, மூன்று லெவல் மேலேயே இருக்கின்றன. ‘எல்லாவற்றையும் இலவசமாகவே பெறலாம், பொறுமைதான் வேண்டும்’ என்கிறது நிறுவனம். ‘உனக்கு ஆடத் தெரியவில்லை’ என்கிறார்கள் நண்பர்கள். எதை நம்புவது?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இவ்வகையில் பெரிதும் அறியப்பட்ட கிளாஷ் ராயலில், ஒரு லெவல் ஏறினால் கார்டின் தாக்கும் வலுவும் தாங்கும் வலுவும் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகின்றன. ஒவ்வோர் உயர்வும் முந்தைய உயர்வின் மேல் ஏறுவதால், மூன்று லெவல் வேறுபாடு என்பது 30 அல்ல, 33 சதவீதம். அடிப்பதில் 33, அடியைத் தாங்குவதில் 33 என்று இரண்டும் சேரும்போது, ஒரே வகைக் கார்டுகள் நேருக்கு நேர் மோதினால் மேல் லெவலுக்குக் கிடைக்கும் மொத்த அனுகூலம் முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. 

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. கார்டிலிருந்து களமிறங்கும், 1000 உயிர்ப்புள்ளி கொண்ட ஒரு வீரனை 340 புள்ளி அடி மூன்றே தடவையில் வீழ்த்திவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வீரன் ஒரு லெவல் ஏறி 1100 புள்ளியோடு வந்தால் நான்காவது அடி தேவைப்படுகிறது. அந்த அடி விழுவதற்குள் நீங்கள் காக்க வேண்டிய கோபுரத்தை அவன் தொட்டிருப்பான். காகிதத்தில் சிறு சதவீதமாகத் தெரிவது களத்தில் ஆட்டத்தையே புரட்டிப்போடுவது இப்படித்தான். ஆகவே மூன்று லெவல் கீழே நின்று தோற்கும் ஒருவரைத் திறமையற்றவர் என்று சொல்ல உங்கள் நண்பர்களிடம் ஆதாரம் ஏதும் இல்லை.

பொறுமை பற்றி நிறுவனம் சொல்வது பொய்யல்ல. ஆனால் உச்சம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை அது சொல்வதில்லை. கிளாஷ் ராயல் 2016-ல் வெளிவந்தபோது உச்ச லெவல் 13. 2021-ல் அது 14 ஆயிற்று. பிறகு 15-ம் வந்தது. உச்சம் உயரும் ஒவ்வொரு முறையும் காசு வைத்திருப்பவர் சில நாள்களில் மேலே போய்விடுகிறார். இலவசமாக ஆடுபவர் பல மாதங்களுக்குப் பின் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார். சீசன் பரிசும் ரேங்க்கும் இந்த மாதத்துக்கு உரியவை என்னும்போது, என்றோ ஒரு நாள் சமமாகிவிடுவீர்கள் என்ற உறுதிமொழியால் இன்றைய ஆட்டம் சமமாகிவிடாது. 

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எல்லாருடைய கார்டுகளையும் ஒரே லெவலில் நிறுத்திவைத்து நடத்தும் போட்டிகள் இத்தகைய விளையாட்டுகளில் உண்டு. அங்கே ஐம்பது ஆட்டமாவது ஆடுங்கள். அங்கும் தோற்றால் நண்பர்களின் பேச்சுக்கு ஓரளவு செவிசாய்க்கலாம்.

கேள்வி: தொடர்ந்து தோற்க வைத்தால் காசு செலவிடுவேன் என்று வேண்டுமென்றே வலுவான எதிரிகளை என் முன் நிறுத்துகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. இது என் கற்பனையா?

பதில்: அப்படிப்பட்ட எண்ணம் தொழிலில் தோன்றாமல் இல்லை. விற்பனைப் பொருளை வைத்திருக்கும் தேர்ந்த ஆட்டக்காரரை, அதை விரும்பக்கூடிய புதியவரோடு இணைத்து ஆசையைத் தூண்டும் ஒரு முறைக்கு, ஆக்டிவிஷன் என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம் 2017 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. எந்த விளையாட்டிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று அந்நிறுவனம் அப்போது விளக்கம் தந்தது. 

ஆனால் என் கருத்தில், சூழ்ச்சி எதுவும் இல்லாமலேயே நீங்கள் உணரும் அதே நிலை உண்டாகிவிடும். வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும், அருகருகே புள்ளி உள்ளவர்கள் மோதுவார்கள் என்பதே எதிரிகளை இணைக்கும் மேட்ச்மேக்கிங் முறைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை; சதுரங்க ஆட்டக்காரர்களைத் தரப்படுத்த ஆர்பாட் ஈலோ வகுத்த முறையின் வழித்தோன்றல்தான் அது. இம்முறை யாரையும் பாதிக்குப் பாதி வெற்றி என்ற நிலையை நோக்கியே தள்ளும். ஆகவே ‘காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெல்கிறார்கள்’ என்று ஒரு நிறுவனம் புள்ளிவிவரத்தோடு வந்து நின்றால், அது முழு உண்மையாக இருக்கக்கூடும். அதனால் எதுவும் நிரூபணமாகிவிடாது. திறமையால் ஏறி வந்தவரும் கார்டு லெவலால் ஏறி வந்தவரும் ஒரே படியில் சந்திக்கிறார்கள், ஆளுக்குப் பாதி வெல்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் படி எதை அளக்கிறது என்பதே குழம்பிவிட்டது என்பதுதான் உண்மையான இழப்பு. 

கார்டு லெவலையும் பார்த்து இணைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். அப்போது லெவலை ஏற்றிய மறுநாளே எதிரியும் ஏறிவிடுவான். பிறகு யார் காசு கொடுத்து ஏற்றுவார்கள்? விற்பவர் தயங்குவது இங்கேதான்.

கேள்வி: பதினான்கு வயது மகன், அரிய கதாபாத்திரம் கிடைக்கக்கூடிய பெட்டிகளை வாங்கப் பணம் கேட்கிறான். ‘ஒரு சதவீத வாய்ப்பு, நூறு பெட்டி திறந்தால் நிச்சயம்’ என்பது அவன் கணக்கு. சரிதானா?

பதில்: தவறு. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிக் குலுக்கல் என்றால், நூறு பெட்டி திறந்தபின்னும் அது கிடைக்காமலிருக்க ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு நம்பிக்கையோடு இருக்க 230 பெட்டிகள் திறக்க வேண்டும். சில விளையாட்டுகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் கட்டாயம் தருவதாக உறுதி இருக்கும். அப்படி இருந்தால், அந்த எண்ணிக்கையைப் பெட்டியின் விலையால் பெருக்கி வரும் தொகையையே அந்தக் கதாபாத்திரத்தின் விலையாக உங்கள் மகன் நினைத்துக்கொள்ளட்டும். இந்தப் பெருக்கலை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும். 

வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று சீனா 2017 மே முதலும், ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரில் அதே ஆண்டு டிசம்பர் முதலும் விதித்தன. சிதறிக் கிடக்கும் துண்டுகளைக் குலுக்கலில் சேர்த்து முழுத் தொகுதி ஆக்கினால் பெரும்பரிசு என்ற வகையை ஜப்பான் 2012-லேயே நிறுத்தியது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல், காசுக்கு விற்கப்படும் சில பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு கூறியது. கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டை வெளியிடும் நிறுவனம், 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில், 2 கோடி டாலர் செலுத்தவும், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் இன்றிப் பெட்டி விற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டது. காசை முதலில் விளையாட்டுக்குள் செல்லும் ரத்தினமாக்கி, ரத்தினத்தை வேறொரு நாணயமாக்கி, அதன் பிறகே பெட்டியை விற்பதால் உண்மை விலை கண்ணிலிருந்து மறைகிறது என்பதும் அந்த வழக்கில் எழுந்த குற்றச்சாட்டு. உங்கள் மகன் போட்ட கணக்கு தவறியதற்கு அவன் மட்டும் பொறுப்பல்ல.

கேள்வி: இப்படியெல்லாம் குறை சொன்னால் விளையாட்டை உருவாக்குபவர்கள் எதை விற்றுத்தான் பிழைப்பது?

பதில்: நியாயமான கேள்வி. விற்பனையில் 30 சதவீதம் வரை ஆப் ஸ்டோர்களுக்கே போகிறது. ஒரு காசும் கொடுக்காத பெருங்கூட்டத்துக்கும் சேர்த்து சர்வர் ஓட வேண்டும். விற்கட்டும், ஆனால் ஆட்டத்தின் முடிவைத் தொடாததை விற்கட்டும் என்பதே என் நிலை. ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டு பெரும்பொருள் ஈட்டியது உடை, நடனம் போன்ற அலங்காரங்களை விற்றுத்தான். பிரால் ஸ்டார்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டு 2022 டிசம்பரில் தன் குலுக்கல் பெட்டிகளைக் கைவிட்ட பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் என் கதாபாத்திரத்துக்கு ஒரு தொப்பி வாங்கினேன். அந்த விளையாட்டையே பிற்பாடு மூடிவிட்டார்கள், தொப்பியும் போயிற்று, வருத்தமில்லை. 

ஆனால் அலங்காரம் என்ற சொல்லே ஒரு நற்சான்றிதழ் ஆகிவிடாது. ஃபோர்ட்நைட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ், தெரியாமல் அழுத்தினாலும் வாங்கியதாகிவிடும்படி பொத்தான்களை அமைத்தது உள்ளிட்ட புகார்களில், வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் ஒதுக்க 2022-ல் இணங்க நேர்ந்தது. கணினியிலும் கன்சோலிலும் ஆடப்பட்ட வார்ஸோன் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் விற்கப்பட்ட முழுக் கறுப்பு உடை ஒன்றை அணிந்தவர் இருட்டு மூலைகளில் கண்ணுக்கே தெரியாமல் நின்று சுட்டார். ஆட்டக்காரர்கள் பல மாதங்கள் குறைகூறிய பின், 2021-ல் அந்த உடையை வெளிச்சமாக்கினார்கள்.