கேரவனும் முழங்கால் வலியும்

கேள்வி: எனக்கு 68 வயது, என் மனைவிக்கு 65. இருபது ஆண்டுகளாகக் கேரவனைக் காரில் பூட்டிக்கொண்டு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து முழுவதும் சுற்றி வருகிறோம். இப்போது எனக்கு இடுப்பு வலி, அவளுக்கு முழங்கால் தேய்மானம். முகாமுக்குப் போய்ச் சேர்ந்து, வண்டியைத் தள்ளி நிறுத்தி, தண்ணீர் சுமந்து, கேரவனோடு சேர்த்துக் கட்டும் முன்கூடாரத்தையும் கட்டி முடிப்பதற்குள் உடம்பு ஒடிந்துவிடுகிறது. கேரவனை விற்றுவிட்டு மோட்டார் ஹோம் வாங்கிவிடலாமா?
- வாசகர், லெஸ்டர்

பதில்: கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியை நினைத்துக்கொள்ளும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: இவர் சொல்வது காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும், படுக்கையும் அடுப்படியும் உள்ள சக்கர வீடு. மோட்டார் ஹோம் என்பது இழுக்கக் கார் தேவையில்லாமல், சொந்த எஞ்சினில் ஓடும் சக்கர வீடு.

ஐயா, அவசரப்பட்டு விற்க வேண்டாம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால், உடம்பை வருத்துவது பயணமன்று. போய் இறங்கும் முதல் ஒரு மணி நேரமும், கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான். எனவே இரண்டு வாரத்தில் ஐந்து முகாம்கள் என்று திட்டமிடுவதை விட்டு, இரண்டே இடங்களில் தங்கி, காரைக் கழற்றிக்கொண்டு சுற்றுப்புறத்தைப் பார்த்து வருவதே முதல் மருந்து. மோட்டார் ஹோமில் இந்த வசதி இல்லை; பால் வாங்கப் போவதென்றாலும் வீட்டையே கிளப்பிக்கொண்டுதான் போக வேண்டும். அதோடு, 1997க்கு முன் உரிமம் பெற்றவர்கள் சாதாரண கார் உரிமத்திலேயே 3,500 கிலோவுக்கு மேற்பட்ட மோட்டார் ஹோமை ஓட்டலாம் என்றாலும், 70 வயதில் அந்தத் தகுதியைத் தக்கவைக்க மருத்துவச் சான்று வேண்டும். உங்களுக்கு அதற்கு இன்னும் இரண்டே ஆண்டுகள்.

பணம் செலவழிப்பதானால் முதலில் 'மூவர்' எனப்படும் மோட்டார் கருவியைப் பொருத்திக்கொள்ளுங்கள். கேரவனின் டயர்கள்மீது அழுந்தும் உருளைகளைப் பேட்டரி மின்சாரம் சுழற்ற, கையிலுள்ள ரிமோட்டின் பொத்தானை அழுத்தியே ஒன்றரை டன் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தி நிறுத்தலாம். நிறுத்தியதும் கைப்பிரேக்கைப் போட்ட பிறகுதான் உருளைகளை விலக்க வேண்டும். சரிவான இடத்தில் இந்த வரிசையை மாற்றினால் வண்டி உங்களை விட்டு ஓடிவிடும். கருவியின் எடை, நீங்கள் ஏற்றக்கூடிய சாமான் எடையிலிருந்து கழியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். தரையில் உருட்டிச் செல்லும் பீப்பாய் 40 லிட்டர் கொள்ளும், அதாவது நிரப்பினால் 40 கிலோ. உருட்டுவது எளிதுதான், ஈரப் புல்தரையில் இழுப்பதும், கடைசியில் குனிந்து அதை நிமிர்த்தி வைப்பதும்தான் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். பாதி நிரப்பி இருமுறை போய் வாருங்கள். அதைவிட நல்லது, குழாயும் கழிவுநீர் வடிகாலும் அருகிலேயே உள்ள, 'சர்வீஸ் பிட்ச்' எனப்படும் இடத்தைக் கேட்டு முன்பதிவு செய்வது. வாடகை சற்றுக் கூடும், ஆனால் என் கணக்கில் அது மருந்துச் செலவைவிடக் குறைவு. கழிப்பறைத் தொட்டியை நிரம்பும்வரை விடாமல் நாள்தோறும் காலி செய்துவிட்டால் அதுவும் கனக்காது.

நான்கு மூலைகளிலும் குந்தி உட்கார்ந்து தாங்குகால்களைக் கையால் சுற்றி இறக்கும் வேலையை, பேட்டரி டிரில்லில் பொருத்தமான சாக்கெட்டை மாட்டிச் செய்யலாம். டிரில்லின் விசையைக் குறைத்து வைத்து, கால் தரையைத் தொட்டு லேசாக இறுகியதும் நிறுத்திவிடுங்கள். அவை வண்டி ஆடாமலிருக்கத்தானே தவிர, அதைத் தூக்கும் ஜாக்கி அல்ல.

முன்கூடாரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மூன்று இரவுகளுக்குக் குறைவாகத் தங்கினால் அதைக் கட்டவே வேண்டாம். காற்றடைத்து நிற்கும் வகையில் கம்பிகளோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை என்பது உண்மைதான், ஆனால் பெரிய கூடாரத்தின் பையைக் காரிலிருந்து இறக்குவதே ஒரு பாடு என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மோட்டார் ஹோம்தான் வேண்டுமென்றால், ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதன் ஓட்டுநர் அறைக்குள் உங்கள் மனைவி ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பதை அவரே எண்ணிச் சொல்லட்டும்.