பேச வராது, பூ கட்ட வரும்

கேள்வி: எனக்கு 34 வயது. திருவொற்றியூரில் அம்மாவுடன் இருக்கிறேன். பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாலு வருடமாக அதே ரயில், அதே லேடீஸ் பெட்டி. எல்லோரையும் பார்த்துச் சிரிப்பேன். "இன்னைக்கு லேட்டு இல்ல?" என்பேன். அதோடு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூடப் படித்தவர்கள் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். போன மாதம் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தேன். திரும்பிப் போனபோது "ஏன் வரலை?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. இந்த வயதுக்கு மேல் நெருங்கிய தோழி கிடைப்பாளா?
– பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்: பெயரைச் சொல்லக்கூடக் கூச்சமா, தங்கச்சி! கேலி செய்யவில்லை, நானும் அதே ரகம்தான். எண்ணூரில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி 27 வருடம் வேலைக்குப் போனவள். முதல் மூன்று வருடம், யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஜன்னலோரம் தூங்குவதுபோல் நடித்தேன். கொருக்குப்பேட்டை பக்கம் சிக்னல் விழாமல் வண்டி நின்றுவிட்டால் அவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டே இருக்க வேண்டும். வேர்த்து ஊற்றும், துடைக்கவும் முடியாது. தூங்குகிறேன் அல்லவா!

என்னை எழுப்பியது பூ. எதிர் சீட்டில் ஓர் அக்கா, பூக்கடையிலிருந்து உதிரி மல்லி வாங்கிவந்து மடியில் கொட்டிக் கட்டிக்கொண்டே வருவார். ஒருநாள் நார் காய்ந்து அறுந்துகொண்டே இருந்தது. "ஏம்மா, அந்தத் தண்ணி பாட்டில்ல கொஞ்சம் நனைச்சுக் குடு" என்று என்னிடம் நீட்டினார். நடிப்பு அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது! மறுநாள் பாதிப் பூ என் மடிக்கு வந்தது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. கண் பூவில் இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. எனக்கு நிச்சயம் வரை வந்து நின்றுபோன கல்யாணக் கதையை, வீட்டில்கூட முழுசாகச் சொல்லாததை, ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்காமல் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே சொல்லி முடித்தேன். அவர் "ம்" மட்டும்தான் சொன்னார். அப்புறம் ஒரு முழம் பூவைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார்.

நம்மைப் போன்றவர்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து "அப்புறம், சொல்லுங்க" என்பதுதான் ஆகாது. கைக்கு ஒரு வேலை இருந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். உங்கள் பெட்டியிலும் யாராவது கீரை ஆய்வார்கள், பூண்டு உரிப்பார்கள். "நானும் கொஞ்சம் உரிக்கட்டுமா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். பெட்டி முழுவதையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஓர் ஆள் போதும்.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், போட்டுப் பாருங்கள். போகவர ஒரு மணி நேரம், மாதம் 25 நாள், நாலு வருடம். ஆயிரத்தைத் தாண்டுகிறது! அப்படியும் காய்ச்சலுக்கு ஆள் இல்லை. அதே ஹால், வேலைக்காக ஒன்றாக இருக்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறுவதில்லை என்றும் சொல்கிறார். ரயிலில் இடித்துக்கொண்டு நிற்கிற நேரமும் அந்த வகைதான் என்பது என் கட்சி.

அப்படியென்றால் எது ஏறும்? எனக்குத் தெரிந்து, தொந்தரவு கொடுப்பது. யாருக்கும் தொல்லை தராமல் இருப்பது பெரிய குணம் என்று நாம் நினைக்கிறோம். எதிரில் இருப்பவருக்கு அது "உன்னிடம் எனக்கு வேலை இல்லை" என்று கேட்கிறது. என் அம்மா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது ரயில் ஆட்கள் யாருக்கும் நான் சொல்லவில்லை. பாவம், அவரவர் பாடு அவரவருக்கு என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அந்தப் பூக்கார அக்கா தூக்கில் ரசம் சாதத்தோடு வார்டு வார்டாகத் தேடி வந்து நிற்கிறார். வந்ததும் நலம் விசாரிக்கவில்லை. "இன்னாடி, நாங்கள்லாம் செத்தா பூட்டோம்?" என்றார், பக்கத்துக் கட்டில் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அவ்வளவு கோபம் என்மேல் யாருக்காவது வரும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

சின்னதாக ஆரம்பியுங்கள். "பையைக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா?", "இந்த ஜாக்கெட் தைக்க நல்ல டெய்லர் யாரு?" அப்புறம் ஒருநாள், "ரெண்டு நாள் நான் ஏறலைன்னா ஒரு போன் போடுங்க" என்று நம்பரைக் கொடுங்கள். அதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும், அடைக்கட்டும். அவர்களிடமிருந்தும் ஒன்று கேட்டு வாங்குங்கள். மூன்று தடவை நீங்களே நீட்டியும் அந்தப் பக்கம் கை வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அவருக்கு வேறு ஆயிரம் இருக்கும்.

அடுத்தது, ரயிலுக்கு வெளியே ஒரு சந்திப்பு. எடுத்ததும் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம், ஒரு வாரத்துக்கு உங்களுக்குத் தூக்கம் போய்விடும். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ, அதுதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடக் கூப்பிடுங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் நமக்குக் கொடுத்த வரம் அது. நின்றுகொண்டே சாப்பிடுவது, கூடவே வாழைத்தண்டு சூப், கால் மணியில் முடிந்துவிடும். எப்போது முடியும் என்று தெரிந்த சந்திப்புக்குத்தான் கூச்சக்காரர்கள் தைரியமாகப் போவார்கள்.

ராத்திரி படுத்ததும் "ஏன் அப்படி உளறினேன்" என்று மனசுக்குள் படம் ஓடும். நம்பாதீர்கள். புதியவரோடு பேசி முடித்ததும், அவருக்கு நம்மைப் பிடித்த அளவை நாம் குறைத்தே எடை போடுகிறோம் என்று 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. கூச்சக்காரர்களின் தராசு இன்னும் மோசமாம். நீங்கள் உளறியதாக நினைப்பது அவருக்கு மறுநாள் ஞாபகமே இருக்காது. அத்தோவில் காரம் தூக்கல் என்பது இருக்கும்.

கேள்வி: ஞாயிறுதோறும் நாலு பேர் கேரம் ஆடுகிறோம். 15 வருடப் பழக்கம். வீட்டுக் கவலை எதையும் பேசியதே இல்லை. இது நட்புக் கணக்கில் வருமா அக்கா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: வராமல் என்ன தம்பி? ரெட் காயைப் போட்டாயிற்று, அதற்குப் பின்னாலேயே போட வேண்டிய ஃபாலோதான் பாக்கி. அடுத்த ஞாயிறு போர்டில் பவுடர் போடும்போது ஒரே ஒரு வரி சொல்லுங்கள், "பெரியவன் படிப்பு விஷயம் மண்டையைக் குடையுது" என்பதுபோல. சொல்லிவிட்டு ஸ்டிரைக்கரை அடுத்த ஆள் பக்கம் தள்ளுங்கள்.