நெல்லின் ஈரமும் முதல் குரூப்பும் – கடிதம்

வணக்கம் அம்மா,

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்திருக்கிறாள். கணக்கும் அறிவியலும் சேர்ந்த முதல் குரூப்தான் வேண்டும் என்கிறாள். வீட்டுப் பெரியவர்களோ, “காமர்ஸ் எடுத்து பேங்க் பரீட்சை எழுதட்டும், பொம்பளப் புள்ளைய வெளியூருக்கு அனுப்ப முடியுமா?” என்கிறார்கள். அறுப்பு சமயத்தில் கொள்முதல் நிலையத்துக்கு வந்தவள், “இந்த மெஷின் எப்படி நெல்லுக்குள்ள இருக்குற ஈரத்தைக் கண்டுபிடிக்குது?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. இவளை நான் எப்படி ஊக்கப்படுத்துவது?

– ர.

அன்புள்ள ர.,

முதலில் அவளுடைய கேள்விக்குப் பதில். அந்த மெஷின்களில் பலவும் இப்படித்தான் வேலை செய்கின்றன: இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே நெல் விழும். ஈரம் கூடக் கூட அந்தத் தகடுகள் தேக்கிவைக்கும் மின்சாரமும் கூடும். காய்ந்த நெல்லோடு ஒப்பிட்டால் தண்ணீருக்கு அந்தக் குணம் பல மடங்கு அதிகம். அதை அளந்து சதவீதமாகக் காட்டுகிறது மெஷின். 17-ஐத் தாண்டினால், அரசு தளர்வு கொடுத்தாலொழிய, கொள்முதல் நிலையத்தில் வாங்க மாட்டார்கள், மறுபடி காயவைக்க வேண்டியதுதான். அந்த எண்ணை நம்பி எத்தனை குடும்பத்தின் கடன் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்ட பிள்ளையைப் பார்த்தா சிரித்தார்கள்? எனக்கு மனசு ஆறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் முதல் அலகிலேயே மின்தேக்கி என்று இது வருகிறது. காமர்ஸ் எடுத்தால் அந்தப் புத்தகம் அவள் கைக்கே வராது.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், அரியலூர்க்காரர், மறைந்த இஸ்ரோ விஞ்ஞானி வளர்மதி. 2012 ஏப்ரலில் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர். தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை 2015இல் முதன்முதலாகப் பெற்றவரும் அவர்தான். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வானம் மூடிக் கிடக்கும்போது சாதாரண கேமராவுக்கு மேகம்தான் தெரியும். ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோள். இயங்கிய காலத்தில் மேகத்தைத் தாண்டியும் பார்த்தது, ராத்திரியிலும் பார்த்தது. நடவு வயலில் தேங்கிய தண்ணீர் ரேடார் அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் திருப்பிவிடுவதால், வயல் படத்தில் கறுப்பாக விழும். பயிர் தூர் கட்டி வளர வளர வெளுக்கும். எங்கே நடவு ஆகியிருக்கிறது, எங்கே பயிர் மூழ்கிக் கிடக்கிறது என்று கொட்டுகிற மழையிலும் மேலிருந்து பார்க்க ரேடார்தான் வழி. இதையும் மகளிடம் சொல்லுங்கள். அவள் கேட்ட கேள்விக்குப் பக்கத்துக் கேள்வி இது.

வெளியூர் பயத்துக்கு ஒரு வார்த்தை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து நம் டெல்டாவிலேயே இருக்கிறது. ஏடிடீ 43 அங்கே வந்த ரகம்தான். விஞ்ஞானி என்றாலே ஊரை விட்டுப் போய்விடுவாள் என்று பெரியவர்கள் நினைக்க வேண்டியதில்லை. போனாலும் தப்பில்லை என்பது என் கட்சி. அதை அவர்களிடம் இப்போதே சொல்லி வம்பு வளர்க்க வேண்டாம்.

கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் போடுங்கள். இன்ஜினியரிங், விவசாயம், மருத்துவம் என எந்தப் பக்கமும் போகலாம். காமர்ஸ் எடுத்துவிட்டு அப்புறம் மனசு மாறினால் இந்த வழிகள் அடைபட்டுவிடும். செலவைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலிருந்து இருக்கிறது. மயிலாடுதுறை பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம். இன்ஜினியரிங்கில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

ஊக்கப்படுத்தத் தனியாக எதுவும் பேச வேண்டாம். அவள் ஏதாவது கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், “எனக்குத் தெரியலடி, டீச்சர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு” என்று சொல்லுங்கள். வந்து சொல்லும்போது கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லையென்றால் நீடாமங்கலத்திலோ மன்னார்குடியிலோ கேட்டுப் பாருங்கள். இடம் நிரம்புவதற்குள் இந்த வாரமே போய்விடுங்கள், அவளையும் கூட்டிக்கொண்டு.