படிப்பை விட்ட இடத்திலிருந்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முப்பது வயதைத் தாண்டியவர்கள் எழுதியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

எட்டாவது வரை படித்தேன். இப்போது 34 வயது. நேரடியாகப் பத்தாவது எழுத முடியுமா? (திருவண்ணாமலை)

தாராளமாக. தனித்தேர்வராக எழுதப் பதினாலரை வயது முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மேல் வயது வரம்பு கிடையாது. ஆனால் அறிவியல் செய்முறையில் பலர் கோட்டை விடுகிறார்கள். அதற்கு 25 மதிப்பெண். பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் பெயர் பதிவு செய்ய வேண்டும், வகுப்புக்கும் போக வேண்டும். அந்த அறிவிப்பு தேர்வு விண்ணப்ப அறிவிப்புக்குப் பல மாதம் முன்னாலேயே வந்துவிடும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் செய்முறை நினைவுக்கு வந்தது என்றால் அந்த வருடம் போயிற்று. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு இப்போதே ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

தபாலில் படிக்க ஆசை. முழு விவரம் அனுப்பவும். (ஊர், வயது எதுவும் இல்லை)

என்ன படிக்க? இதுவரை எதுவரை படித்திருக்கிறீர்கள்? எதற்காக: வேலைக்கா, பதவி உயர்வுக்கா, மனநிறைவுக்கா? இந்த மூன்றும் தெரியாமல் யார் விவரம் சொன்னாலும் அது உங்களுக்குப் பொருந்தாது. மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். கட்டாயம் பதில் போடுகிறேன்.

என்ஐஓஎஸ்ஸில் (தேசியத் திறந்தநிலைப் பள்ளியில்) கணக்கு இல்லாமலே பத்தாவது முடிக்கலாமாமே, உண்மையா? (கரூர்)

உண்மைதான். ஐந்து பாடம் வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். மற்றவை உங்கள் விருப்பம். கணக்குக்குப் பயந்தே படிப்பை நிறுத்தியவர்களுக்கு இது பெரிய வாசல். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள், ஒன்பது வாய்ப்புகள். ஒரு பருவத்தில் இரண்டு பாடம், அடுத்த பருவத்தில் இரண்டு பாடம் என்று பிரித்தும் எழுதலாம். வீட்டு வேலைக்கும் கைக்குழந்தைக்கும் நடுவில் படிக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான முறை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நாளைக்குப் பாலிடெக்னிக் போகும் எண்ணம் இருந்தால் கணக்கையும் அறிவியலையும் விடாதீர்கள். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அடுத்த படி என்ன என்று முடிவு செய்யுங்கள். அப்புறம், ஒப்படைப்புகளுக்கு, அதாவது வீட்டில் எழுதிக் கொடுக்கும் பயிற்சிகளுக்கு, 20 சதவீத மதிப்பெண் உண்டு. வாங்கிய புத்தகத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு நேரே தேர்வுக்குப் போகாதீர்கள்.

ஒரே வருடத்தில் பத்தாவது, பிளஸ் டூ இரண்டும் வாங்கித் தருவதாக ஒரு சென்டரில் சொல்கிறார்கள். 25 ஆயிரம் கேட்கிறார்கள். (ஈரோடு)

கொடுக்காதீர்கள். என்ஐஓஎஸ்ஸில் பத்தாவது தேர்ச்சிக்கும் பிளஸ் டூ தேர்ச்சிக்கும் நடுவில் இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது. கட்டணத்தை அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டும் கட்டுங்கள். சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். அசல் சான்றிதழை எந்த சென்டரிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பத்தாவது முடித்திருக்கிறேன். பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலைப் பல்கலையில் பட்டம் வாங்கலாம் என்கிறார் நண்பர். அரசு வேலைக்குப் போகத்தான் கேட்கிறேன். (விருதுநகர்)

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இன்னும் ஒரு முறை எழுதுகிறேன்.

18 வயது ஆனவர் ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு நேராகப் பட்டப் படிப்பில் சேரும் வழி இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலையில் இருக்கிறது. அறிவுக்காகப் படிக்கிறவருக்கு அது நல்ல வழி. ஆனால் ஆயத்தப் படிப்பு பிளஸ் டூவுக்கு இணையானது இல்லை. தமிழ்நாடு அரசுப் பணிக்கு 10, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை வேண்டும். 2009இல் அரசாணையே வந்துவிட்டது. டிஎன்பிஎஸ்சி அறிவிக்கை ஒவ்வொன்றிலும் இது இருக்கிறது. சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை.

சில வருடம் முன் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். அங்கன்வாடி உதவியாளர். மஞ்சள் துணிப்பையிலிருந்து ஒவ்வொரு சான்றிதழாக எடுத்து மேசையில் அடுக்கினார். எல்லாம் லேமினேட் செய்து பளபளவென்று இருந்தன. பி.ஏ. பட்டம் 2011. பிளஸ் டூ 2016. பட்டம் போதாது என்று யாரோ சொன்னதும், 41 வயதில் தனித்தேர்வராக உட்கார்ந்து பிளஸ் டூவும் எழுதித் தேறியிருக்கிறார். சேர்க்கும்போது சென்டர்காரர் "டிகிரி கையில் இருந்தால் போதும், பிளஸ் டூவை யார் கேட்கப் போகிறார்கள்" என்றாராம். இரண்டு சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆண்டுகளை விரலால் காட்டி, வரிசை மாறிவிட்டதைச் சொன்னேன். பிளஸ் டூவைப் பின்னால் எழுதியதால் பழைய பட்டம் அரசுப் பணிக்குச் சரியாகிவிடாது. அவர் ரொம்ப நேரம் அந்த 2011ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ மறுபடியும் மூணு வருஷமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அந்த மூன்று வருடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் இன்றும் அதே தொழிலைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இது.

ஆகவே விருதுநகர் நண்பரே, முதலில் பிளஸ் டூ. தனித்தேர்வரோ என்ஐஓஎஸ்ஸோ, எதுவானாலும் சரி. பத்தாவதுக்குப் பிறகு முறையான டிப்ளமோ முடித்திருந்தால் அதுவும் பிளஸ் டூ இடத்தில் நிற்கும். அதன் பிறகு பட்டத்தைத் தொலைநிலையில் படித்தாலும் குறைவில்லை. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டமும் ஒன்றுதான். அந்த ஆண்டுக்கு, அந்தப் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பல்கலையின் பெயர் பெரியது என்பது மட்டும் போதாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத இடஒதுக்கீட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். பள்ளிக்குப் போகாமல் தனியாக எழுதித் தேறியவர்களுக்கு அது கிடைக்காது.

42 வயதுப் பெண் நான். பத்தாவது தேர்ச்சி. ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர்ப்பார்களா? (தென்காசி)

சேர்ப்பார்கள். அரசு ஐடிஐயில் பெண்களுக்கு மேல் வயது வரம்பு இல்லை. ஆண்களுக்குத்தான் 40. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இரண்டாண்டுப் பிரிவாக எடுத்தால் இன்னொரு லாபம்: முடித்த பிறகு தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு எப்படி உட்காருவது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வாரம் கூச்சமாக இருக்கும். இரண்டாவது வாரம் அந்தப் பிள்ளைகளே "அக்கா, நோட்டு கொடுங்க" என்று வந்து நிற்பார்கள். போய்ச் சேருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாமா? (சேலம்)

2022இலிருந்து படிக்கலாம். ஒன்று நேரடி, இன்னொன்று தொலைநிலை என்று எடுத்தால் வகுப்பு நேரம் மோதாது.

மதிப்பெண் பட்டியல் தொலைந்துவிட்டது. நகல் எடுத்ததும் இல்லை. (நாகப்பட்டினம்)

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று வாங்குங்கள். அதோடு படித்த பள்ளிக்குப் போங்கள். தேர்வெண்ணும் தேர்வு எழுதிய மாதமும் வருடமும் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். அங்கிருந்து இரண்டாம்படிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் லேமினேட் செய்யாதீர்கள். சான்றிதழின் பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டி வந்தால் லேமினேஷனைக் கிழிக்கவும் முடியாது, அதோடு வைத்துக்கொள்ளவும் முடியாது.

என் மாமியாருக்கு 61 வயது. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. படிக்க வேண்டும் என்று இப்போது ஆசைப்படுகிறார். எங்கே அனுப்புவது? (தருமபுரி)

இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேல் யார் வேண்டுமானாலும் சேரலாம். செலவில்லை. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் மையம் எங்கே என்று சொல்வார். கடைசியில் 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு: வாசிப்பு, எழுத்து, கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 50. முதல் வாரம் நீங்களும் கூடப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். வெளிச்சம் போதாமல்தான் பல பெரியவர்கள் நின்றுவிடுகிறார்கள். கண்ணாடி வேண்டுமா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

50 வயது. சட்டம் படிக்க ஆசை. தபாலில் முடியுமா? (மதுரை)

தபாலில் முடியாது. பட்டதாரி என்றால் மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேரலாம், வயது தடை இல்லை. பகல் வகுப்புக்குப் போகத் தயாராக வேண்டும். உங்கள் பட்டம் எப்படி வாங்கியது என்று எழுதவில்லையே? அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய பட்டத்தை, வழக்கறிஞர்களுக்கான அமைப்பான பார் கவுன்சிலின் விதியும் ஏற்காது. விருதுநகர்காரருக்குச் சொன்னதை ஒருமுறை படித்துவிட்டு, உங்கள் சான்றிதழ்களில் உள்ள ஆண்டுகளை வரிசையாக எழுதி அனுப்புங்கள்.